கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது

கிளினிக்கில் கூடும் அம்மாக்களிடம் நர்ஸம்மா கேள்வி கேட்டால் முதலில் எழும் குரல் அவளுடையதுதான். ஆறு மாசம் வரைக்கும் குழந்தைக்கு என்ன? தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கூடாது. ஆறு மாசம் முடிந்தால்? பாலும் உண்டு, கூடவே மசித்த சாப்பாடும் உண்டு. எவ்வளவு கெட்டியாக? கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற அம்மாக்கள் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் கடகடவென்று ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இப்படி ஒரு நாளாவது ஒப்பித்திருந்தால் அவள் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும், அது போகட்டும். நர்ஸம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "வாம்மா லீடர்" என்றுதான் கூப்பிடுவாள். கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கிறவர் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

லீடர் வேலை பார்த்தது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற உருளை மெஷின் அவள் பொறுப்பு. அது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை இன்னொருத்தியுமாகப் பிடித்து, மடிப்பு விழாமல் ஒரே சீராக உள்ளே விட வேண்டும். ஒருத்தி பாத்ரூம் போனால்கூட மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நின்றால் சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

பிள்ளை பெற்று மூன்று மாசத்தில் வேலைக்குத் திரும்பியவள், நடுவில் போய்ப் பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று ஜோடிக்காரியிடம் கேட்டுப் பார்த்தாள். ஜோடிக்காரி நல்லவள், சரி என்றாள். ஆனால் விரிப்பு மலைபோல் குவிந்து, திட்டு வாங்குவது யார்? கொஞ்ச நாளில் ஜோடிக்காரியின் முகம் சுருங்கியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் லீடருக்குத் தாங்கவில்லை. போவதை அவளே நிறுத்திக்கொண்டாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ஒரு நாள் சட்டையை நனைத்துக்கொண்டு வெள்ளை விரிப்பிலேயே சொட்டிவிட்டது. அது உருளைக்குள் போய்ப் பழுப்புக் கறையாக வெளியே வந்தது. யாரும் பார்ப்பதற்குள் சுருட்டி மறுபடி துவைக்கிற கூடையில் போட்டாள். அப்புறம் பால் மெல்ல மெல்ல வற்றிப்போனது. ஆறு மாசம் ஆகும் வரைக்கும் சங்கில் புகட்டிய டப்பாப் பால்தான் பாப்பாவுக்குக் கிடைத்தது.

இதை நர்ஸம்மாவிடம் அவள் சொல்லவில்லை. லீடர் என்று பெயர் வாங்கிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

புருஷன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொண்டது நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து, பட்டன் தைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. சொந்தப் பிள்ளைகள் மூன்று. அந்த மூன்றோடு நாலாவதாக இதையும் மடியில் போட்டுக்கொண்டவளிடம் குறை கண்டுபிடிக்க யாருக்கு வாய் வரும்?

பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிந்த நாளிலிருந்து லீடர் விடியும் முன்னே எழுந்தாள். சோறும் பருப்பும் குழைய வேக வைத்து, முட்டையை மசித்துப் போட்டு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைவாள். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பாள். வழியாது. அப்படியே மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் அடைத்து, பாப்பாவையும் கிண்ணத்தையும் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஓட்டல் வேன் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் திரும்பும்போது கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். பிள்ளையின் வயிறு நிறைந்ததா என்று அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறு யாரிடமும் அவள் கேட்டதில்லை.

ஆனால் எடை ஏறவில்லை. ஒரு மாசம் நின்றது, அடுத்த மாசமும் நின்றது. ஒன்பது மாசக் குழந்தை தவழ வேண்டாமா? இது உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்து, வைத்த பக்கம் சாய்ந்தது. நர்ஸம்மா மண்டையைக் குடைந்துகொண்டாள். என்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள், லீடர் ஒப்பித்தாள். சாப்பிடுகிறதா என்று கேட்டாள்.

"கிண்ணத்த வழிச்சுச் சாப்பிட்டுடறா நர்ஸம்மா. ஒரு பருக்கை மிச்சம் வர்றதில்ல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நர்ஸம்மா நம்பியிருக்க மாட்டாள். சொன்னது லீடர் ஆயிற்றே. அப்படியானால் கோளாறு வேறெங்கோ என்று முடிவு கட்டி, ரத்தப் பரிசோதனைக்கும் டானிக்குக்கும் எழுதினாள். பரிசோதனையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. டானிக் தீர்ந்தது, எடை அப்படியே நின்றது.

லீடருக்குச் சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. லீவு நாளில் அவளே ஊட்ட உட்கார்ந்தால் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அம்மாவிடம் செல்லம் கொண்டாடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். நாத்தனார் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு பால் பாட்டிலையும் பார்த்திருக்கிறாள். நாத்தனாரின் கடைக்குட்டிக்கு மூன்று வயது. அவனுடைய பழைய பாட்டிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவது? மனுஷி இப்படித்தான் கண்ணைத் திறந்துகொண்டே இருட்டில் உட்கார்ந்துவிடுகிறாள்.

அந்த மாசம் புதிதாக வந்த அம்மாக்களுக்கு ஊட்டுகிற முறையைக் காட்ட வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள், கண்ணால் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று நர்ஸம்மா நினைத்தாள். "நீ பாப்பாவையும் கிண்ணத்தையும் கொண்டு வா, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். லீடர் அரை நாள் லீவு சொல்லி, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பாப்பாவுக்குப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தாள்.

பத்துப் பதினைந்து அம்மாக்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். லீடர் நடுவில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கிண்ணத்தைத் திறந்தாள், கரண்டியைச் சாய்த்துக் காட்டினாள். வழியவில்லை. நர்ஸம்மா பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள். பாப்பாவை எதிரில் உட்கார வைத்து, கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் லீடர் "ஆ" என்றாள்.

பாப்பா வாயைத் திறக்கவில்லை.

"ஆ சொல்லு தங்கம்" என்றாள் நர்ஸம்மா. வட்டத்தில் இருந்த அத்தனை அம்மாக்களும் சேர்ந்து "ஆ" என்றார்கள். அத்தனை வாயும் திறந்தது, அந்த ஒரு வாயைத் தவிர. லீடர் உதட்டில் கொஞ்சம் தடவிவிட்டாள். பாப்பாவின் நாக்கு அதை வெளியே தள்ளியது. மறுபடி வைத்தாள், மறுபடி தள்ளியது. கொஞ்சம் உள்ளே போனது தொண்டையில் சிக்கிக் குமட்டி, அந்த நல்ல புடவையில் வந்து விழுந்தது. அழுது அழுது முகம் சிவந்த பாப்பா திடீரென்று அழுகையை நிறுத்தியது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் பையிலிருந்து பால் பாட்டிலின் தலை தெரிந்தது. தவழத் தெரியாத பிள்ளை, இரண்டு கையையும் அதை நோக்கி நீட்டிக்கொண்டு குப்புற விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நர்ஸம்மா குழந்தையைத் தூக்கித் தட்டிக்கொடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "இந்தப் பிள்ளை கரண்டியையே பார்த்ததில்ல போலிருக்கே, லீடர்."

லீடர் தலையைக் குனிந்து கிண்ணத்தை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத மூடியையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

உள்ளறையில் நர்ஸம்மா பாப்பாவின் புஜத்தை நாடாவால் அளந்தாள். ஊட்டம் மிகவும் குறைவு என்று காட்டுகிற சிவப்பில் நாடா போய் நின்றது. அவள் திட்டவில்லை. திட்டுவதற்குப் பதிலாக, தானும் கிண்ணத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டதாகச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து, பொறுமையாக, துப்பினாலும் மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும்; ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்; சில வாரத்தில் பழகிவிடும் என்றாள். அடுத்த வாரமே தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றாள்.

"இப்படியே விட்டா ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்க மாட்டாம்மா. புரியுதா?"

புரிந்தது. அவளுக்குப் புரியாமல் போனது எப்போது?

நாத்தனார் வீட்டுக்குள் அவள் நுழைந்த வேகத்தைப் பார்த்தே நாத்தனாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மடியில் இருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை. பட்டனுக்குள் ஊசியை இழுத்துக்கொண்டே, அடுப்பு மேடையைத் தாடையால் காட்டினாள். லீடர் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். நிப்பிளின் ஓட்டை கடலைப் பருப்பு நுழைகிற அளவுக்கு இருந்தது. தைக்கிற ஊசியைச் சுட்டுக் குத்திப் பெரிசாக்கியது. கிண்ணத்துச் சாப்பாட்டில் கொஞ்சத்தை எடுத்து வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, அதில் ஊற்றி நாத்தனார் கொடுத்திருக்கிறாள். மிச்சம் அவளுடைய பிள்ளைகள் தட்டில் போயிருக்கிறது.

"முதல்ல கரண்டியிலதான் ஊட்டினேன். பொய் சொல்லல" என்றாள் நாத்தனார். "ஒரு வாய் உள்ள போறதுக்குள்ள ஒரு சட்டை நின்னு போச்சு. சட்டை நின்னா அடுத்த மூட்டை வராது. நான் உன் பிள்ளையைப் பட்டினி போடல. வயிறு ரொம்பித்தான் தூங்கினா."

"தண்ணியில ரொம்பியிருக்கு அண்ணி."

"சரி. நீ ஒரு மணி நேரம் உக்காந்து ஊட்டு. நானா வேணாம்னு சொன்னேன்?"

லீடருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போய் இறங்குவதென்று தெரியாமல் நின்றது. கத்த வேண்டும்போல் இருந்தது. நாத்தனாரின் ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்நுனிகளைப் பார்த்தாள். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு வெளியே வந்தாள்.

வழியிலேயே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி ஒரு மாசம் லீவு கேட்டாள். அவர் பாவம், மரியாதையாகத்தான் பேசினார். தாராளமாக எடுத்துக்கொள்ளம்மா, ஆனால் மெஷினில் ஒருத்தியை மட்டும் நிறுத்தி வைக்க முடியாது, நாளைக்கு நீ வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன், திரும்பி வரும்போது இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். புருஷன் எங்கேயோ இரைச்சலுக்கு நடுவில் போனை எடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்காகிட்ட மட்டும் முறைச்சுக்காத. அவளும் இல்லன்னா நாம என்ன பண்றது?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை வாசல் குப்பைத் தொட்டியில் வீசினாள். வீசியபோது நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. உட்கார்ந்து ஊட்டினாள். பேசிப் பேசி, பாடிப் பாடி, துப்பியதைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். விளக்கு வைத்த பிறகு இரண்டு வாய் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது, தொண்டை ஏறி இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். அதற்குள் பாப்பா அழுத களைப்பில் தூங்கிவிட்டது.

விடிந்தபோது பாப்பா பசியில் கத்திக்கொண்டிருந்தது. லீடர் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ஒரு வாய், துப்பல். இன்னொரு வாய், துப்பல். கத்தல் தேய்ந்து முனகலாகிவிட்டது, அது கத்தலைவிட மோசமாக இருந்தது. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்கு அந்த முனையைப் பிடிக்க வேறொருத்தி இருப்பாள். போனாலோ, சாயங்காலம் வரைக்கும் இந்த வயிற்றுக்கு யார் பொறுப்பு? இரண்டு வாய் இறங்கியதே, இன்னும் சில வாரத்தில் பழகிவிடுமே என்று நினைத்தாள். அந்தச் சில வாரத்தை அவளுக்குக் கொடுக்கத்தான் ஆளில்லை.

ஹாரன் மறுபடியும் அடித்தது. லீடர் எழுந்து வாசலுக்குப் போய், குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டாள். பாட்டிலில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள். சோப்புப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் முழுசாக முங்க வைத்து எடுத்தாள். அதுவும் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததுதான். அவள் எதையும் மறந்தவளில்லை. கிண்ணத்தில் இருந்ததில் வெந்நீரை ஊற்றி, கரண்டி போட்டுக் கரைத்தாள். கரண்டியைத் தூக்கினால் அது சொட்டுச் சொட்டாக வழிந்தது. வழியட்டும் என்று வடிகட்டினாள்.

பாட்டிலைப் பார்த்ததும் பாப்பா முனகலை நிறுத்தியது. முகம் மலர்ந்தது, எத்தனையோ நாளைக்கு அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. யாரும் ஆ சொல்லவில்லை. பாட்டில் பக்கத்தில் வருவதற்கு முன்னாலேயே அது வாயை அகலமாகத் திறந்துவிட்டது.