ஒரு சமையலுக்கு இரண்டு பேர்

அழைப்பு மணி அடித்ததும் அவன் கையிலிருந்த கரண்டியை மனைவியின் கையில் திணித்துவிட்டு, கூடத்துக்கு ஓடி டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவளோ வேலைக்குக் கிளம்பி நின்றவள். துறைமுகச் சீருடையும் கனத்த பூட்சுமாக, தீயணைக்க வந்தவள் மாதிரி அடுப்பின் முன்னால் நின்றாள்.

வந்தது மாமியார். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு.

"வாங்க அத்தை. இந்தக் கையோட ஏன் அலையறீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"பசிக்குதும்மா. முதல்ல சாப்பாடு போடு, அப்புறம் பேசலாம்."

இந்தக் கூத்து ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அவன் விற்பனையாளனாக இருந்த செருப்புக் கடையை மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அடுப்படிக்குள் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷனுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் அம்மா முதல் தடவை சாப்பிட வந்த அன்று, "எல்லாம் அவ செஞ்சது" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அவளும் பாவம் என்று தலையாட்டினாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் வேளாவேளைக்கு ருசியாகச் சாப்பிட்டார்கள்.

மாமியார் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு மீனை உதிர்த்து உதிர்த்துச் சாப்பிட்டாள்.

"கைமணம்னா இதும்மா! என் பிள்ளை கொடுத்து வச்சவன்."

பிள்ளை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் செய்ததற்குக் கிடைத்த பாராட்டுக்குச் சிரிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது.

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் மாமியார். "உன் நாத்தனா பச்சை உடம்புக்காரி. எனக்கோ கை இப்படி. சம்பந்தி வீட்டு ஆளுங்க குழந்தையைப் பாக்க தினம் வந்து நிக்கிறாங்க. மூணு மாசம் வந்து ஆக்கிப் போட்டுட்டுப் போ."

துறைமுகத்தில் ஐந்து வருடம் கீழே வெயிலில் நின்று சரக்குப் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டினவள் மருமகள். போன மாதம்தான் கிரேனுக்கு மேலே, ஓட்டுகிற நாற்காலி கிடைத்தது. மூன்று மாதம் எழுந்து போனால் அதில் உட்கார ஆள் வரிசையில் நிற்கிறது. திரும்பி வந்தால் மறுபடி கொக்கிதான், அதுவும் கொடுத்தால்.

"அத்தை, என் வேலை…"

"லீவு கேளு. தரலைன்னா விட்டுத் தள்ளு."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க சொல்லுங்க."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இனி மறைத்து என்ன பயன்? அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, இதெல்லாம் நான் சமைக்கல. ஒரு வருஷமா அவர்தான் சமைக்கிறார்."

மாமியாரின் ஸ்பூன் நிற்கவே இல்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீ வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்களே. என் பிள்ளை கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?"

"அப்போ இத்தனை நாளா என்னைப் புகழ்ந்தீங்களே!"

"பின்ன, அவனையா புகழ முடியும்?"

இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் கள்ளம் இல்லை. மழை பெய்தால் மண் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். அடுத்ததையும் அப்படியே சொன்னாள்.

"ரெண்டு பேரும் வந்துடுங்க. அவன் உள்ள கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யட்டும். நீ பரிமாறினா போதும். அண்ணன்காரன் கரண்டி பிடிக்கிறான்னா சம்பந்தி வீட்டுல என் பொண்ணு தலைநிமிர முடியுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

ஆக, சமைக்க ஒருவன், சமைத்ததாகச் சொல்லிக்கொள்ள ஒருத்தி. அந்தச் சும்மா நிற்கிற உத்தியோகத்துக்குத்தான் இவள் கிரேனை விட வேண்டுமாம்!

அவளுக்குக் கோபம் வந்தது. மாமியார் மேலே அவ்வளவு கோபம் இல்லை. "சொல்லுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மூணு மாசம்தானே…"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அவரைக் கூட்டிட்டுப் போங்க அத்தை. சமைக்கத் தெரிஞ்சவர் அவர்தான். கதவைத் தொறந்து வச்சே சமைக்கட்டும். மருமக எங்கன்னு கேட்டா, வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"அடியே! மெதுவாப் பேசு, கீழ்வீட்டுக்குக் கேக்கும்!"

கேட்டுத்தான் இருந்தது. அவள் படியிறங்கி வரும்போது கீழ்வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். ஆனாலும் ஒன்றும் தெரியாதவள் போல, "என்ன, மீன் சமையலா? வாசனை ஆளைத் தூக்குது" என்றாள்.

"ஆமாக்கா, மீன்தான். அவர் செஞ்சது."

கீழ்வீட்டுக்காரி மாடிப்படியை ஒரு தடவை பார்த்தாள், தெருவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் குனிந்தாள்.

"எங்க வீட்டுலயும் அவர்தான்டி. வெளிய மூச்சு விட்டுடாதே."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.