நானூற்றிரண்டில் நூற்றெழுபத்தெட்டு

எண்பத்தாறாம் வருஷப் பொங்கல் விழாவில், பருத்திப்பட்டு ஏரிக்கரை இளைஞர் மன்றத்தார் கிறிஸ்துதாஸ் வாத்தியாருக்குச் சால்வை போர்த்திக் 'கணிதச் சிங்கம்' என்று பட்டம் கொடுத்தார்கள். மன்றத்துக்குக் கேரம் போர்டு வாங்கித் தந்தவர் அவர்தான் என்பது தற்செயல். அன்றுமுதல் சிங்கம் மூன்றாம் வகுப்பில் மரஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் அடிப்பதை விட்டுவிட்டது. விளிம்பால்தான் அடித்தது, மடக்கிய விரல் முட்டிகளின் மேல்.

அந்த வாரம் அதிகம் வாங்கிய முட்டிகள் கஸ்தூரியுடையவை. எட்டு வயது. குற்றம், 402-இல் 178-ஐக் கழித்தது.

சிங்கத்தின் வழி இது. "ரெண்டுல எட்டு போவாது. பக்கத்து ஊட்டாண்ட போ. அங்க இன்னா கீது? சைபரு. அதுவே ஒண்ணுமில்லாம குந்திகினு கீது. அடுத்த ஊட்டாண்ட போ. நாலை அடிச்சுட்டு மூணு போடு. சைபரை அடிச்சுட்டு ஒம்போது. ரெண்டு இப்போ பன்னண்டு. இப்போ கயி."

சாயங்காலம் அப்படியே வீட்டுப்பாடம் போட்டாள். அப்பா குணசேகரன் பார்த்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் இருப்பவர். தன் கையெழுத்து இல்லாமல் ஒரு டாங்கியும் வாசலைத் தாண்டாது என்பார். அவர் சோதித்தது டாங்கியின் கதவுக் கைப்பிடியை.

"ஏட்டி, என்ன இது, வாழைத்தார வெட்டுன மாதிரி எண்ணையெல்லாம் வெட்டி வச்சிருக்க? மேல்வரியத் தொடவே கூடாது. மேல ரெண்டைப் பன்னெண்டா நெனச்சுக்கோ. அதுக்குப் பதிலா கீழ பக்கத்து எண்ணுல ஒண்ணைக் கூட்டு. ஏழு எட்டாகும். மேல சைபரையும் பத்தா நெனச்சுக்கோ, கீழ அடுத்தது ஒண்ணு ரெண்டாகும். எங்க ஊர்ல கழுதை கூட இப்படித்தான் கழிக்கும்."

"விடை சரிதானப்பா."

விடை சரியாக இருந்ததற்காகப் பெல்ட்டின் தோல் முனையும், பதில் பேசியதற்காகப் பக்கிள் முனையும் முதுகில் விழுந்தன.

மறுநாள் வகுப்பில் அப்பாவின் வழியில் போட்டாள். 224. சிங்கம் சிலேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "மேல ஒண்ணுமே அடிக்கல. ஆன்சர் மட்டும் எப்டிமே வந்துச்சு? எவளைப் பாத்து எய்தினே?"

ஸ்கேல்.

கஸ்தூரி யோசித்தாள். அவரையும் விடக்கூடாது, இவரையும் விடக்கூடாது. அடுத்த நாள் வாத்தியாருக்காக மேல்வரியை வெட்டினாள், அப்பாவுக்காகக் கீழ்வரியை ஏற்றினாள். 114 வந்தது. அதுவரை வழி சரியில்லை என்று அடித்தவர்களுக்கு முதல்முறையாக விடையும் தப்பாகக் கிடைத்ததில், இருவரும் மனநிறைவோடு அடித்தார்கள். பள்ளியில் விழுந்த அடியில் வலதுகைச் சுண்டுவிரல் சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் போட்டு, வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது.

அம்மா பார்வதம் பழம்புடவையைக் கிழித்து ஒடிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாள். "இன்னொரு அடி விழுந்தா வெரலே இருக்காதுங்க. போயி வாத்தியார்கிட்ட பேசுங்க."

குணசேகரன் மறுநாள் ஷிப்டு முடிந்து, டிபன் கேரியரோடு நேராக வகுப்புக்குள் நுழைந்தார். கஸ்தூரிக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பா விரலுக்காக வந்திருக்கிறார்.

"சார், பிள்ளைய அடிச்சதைக் கேக்க வரல. அடிங்க. கணக்கைத் தப்பாச் சொல்லிக் குடுக்கீங்களே, அதைக் கேக்க வந்திருக்கேன்."

சிங்கம் சாக்பீஸை நீட்டியது. "போட்டுக் காட்டு, அண்ணாத்தே."

போர்டில் இவர் இந்தப் பக்கம் போட்டார், அவர் அந்தப் பக்கம் போட்டார்.

"கீழ் வரில எங்கேந்துய்யா ஒண்ணு வந்துச்சு? உங்க டாங்கிலேந்தா?"

"சைபரு எப்படி வே ஒம்போதாச்சு? நீரு பெத்துப் போட்டீரா?"

துடைப்பான் பறந்து குணசேகரனின் கண்ணில் பட்டது. டிபன் கேரியர் சுழன்று சிங்கத்தின் தாடையில் இறங்கியது. ஒரு பல் ரசத்தோடு தரையில் உருண்டது. சிங்கம் அவர் சட்டையைப் பிடித்துப் போர்டின் விளிம்பில் தலையை மோதியது, இரண்டு முறை. அவர் கீழே கிடந்தபடியே வாத்தியாரின் முழங்காலைக் கடித்தார். வேட்டி கிழிந்தது. நாற்காலி உடைந்து அதன் கால் ஒருவர் விலாவிலும் மற்றவர் தோளிலும் முறைவைத்துப் பேசியது. வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் சொல்லிக்கொடுத்திருந்தபடி வாயில் விரலை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மூச்சு வாங்கியபோதுதான் இருவரும் போர்டைப் பார்த்தார்கள். ரத்தம் தெறித்திருந்தாலும் எண்கள் தெரிந்தன.

"உங்களுதும் எரநூத்தி இருவத்தி நாலு," என்றது சிங்கம், வாயைத் துடைத்துக்கொண்டு.

"உங்களுதும்."

"அப்போ ரெண்டும் சரிதான்."

"சரிதான் சார். நாமதான் அவசரப்பட்டுட்டோம்." குணசேகரன் வாத்தியாரின் கசங்கிய காலரை நீவிவிட்டார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. "அப்ப இவளுக்கு மட்டும் ஏன் நூத்திப் பதினாலு வருது?"

இருவரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள்.

"வாமே. போடு."

கட்டுப்போட்ட விரல்களை ஒதுக்கி, மீதியால் சாக்பீஸைப் பிடித்தாள். மேலே தொடவில்லை, கீழே தொடவில்லை. மனப்பாடமாகியிருந்த 224-ஐ நேராக எழுதினாள்.

"வழி எங்க?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

சிங்கம் மேஜைக்கடியிலிருந்து ஸ்கேலைத் தேடி எடுத்து, மரியாதையாக நீட்டியது. "நீங்க அடிங்க சார். பெத்தவரு."

"சேச்சே, பள்ளிக்கூடத்துல நீங்கதான் சார்."

"பரவால்ல, நீங்க."

ஸ்கேல் கைமாறிக்கொண்டிருந்தது. கஸ்தூரி தன் வலது கையைப் பார்த்தாள். அதில் இனி எடுக்க ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கையை நீட்டினாள்.