பத்து ரூபாய் நுழையாத உண்டியல்

ஆண்டாள் கன்னியாகுமரியிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்தாளே, அந்தக் கதையைத்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன், கண்ணுகளா. ஆனால் அதைச் சைக்கிளிலிருந்து ஆரம்பித்தால் புரியாது. அம்புஜவல்லி பஸ்ஸில் மயங்கி விழுந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்புஜவல்லி, ஆண்டாளுக்கு நாத்தனார். புருஷனின் அக்கா. இரண்டு பேரும் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரே பீங்கான் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்த்தவர்கள். அம்புஜவல்லி அச்சுக்குள் மண் குழம்பை ஊற்றுவாள். ஆண்டாள் அச்சைப் பிரித்துச் சாமானை வெளியே எடுத்து, ஈரம் காய்வதற்குள் பிசிறு சீவி, ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஓட்டை போடுவாள். கை வேலையில் ஒருத்திக்கு ஒருத்தி பிசகியதே இல்லை. வாய்ப்பேச்சில் ஒரு நாளும் ஒத்துப்போனதும் இல்லை. ஆண்டாள் கிழக்கு என்றால் அம்புஜவல்லி மேற்கு என்பாள்.

அந்த அம்புஜவல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. மெஷினில் நாலு மணி நேரம் படுத்து எழுந்த உடம்பு துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். அந்த உடம்போடு பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இப்படிப் போய் வருகிறவர்கள் ஒன்பது பேர்.

மார்கழியில் ஒரு நாள், திரும்பி வரும்போது பண்ருட்டி தாண்டி அம்புஜவல்லி மயங்கி விழுந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் நெய்வேலியில் இறக்கிச் சிமெண்டு பெஞ்சில் படுக்கவைத்தார்கள். ஆண்டாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாத்தனார் கண்ணைத் திறந்து, “இனிமே நான் போவலடி. சாவறதுன்னா வூட்டுலயே சாவறேன்” என்றாள். எப்போதும் சண்டைக்கு நிற்கிற குரல் அன்றைக்கு அடங்கிக் கிடந்தது. ஆண்டாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு வேன் இருந்தால் ஒன்பது பேரும் சாய்ந்துகொண்டே வரலாம். மங்கலம்பேட்டை சிராஜுதீன் பாய் அப்போது குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அவருடைய வெள்ளை வேன் விற்பனைக்கு இருந்தது. விலை மூன்று லட்சம். சிதம்பரத்துக்காரர் ஒருவர் கையில் பணத்தோடு நின்றார். “தை கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேம்மா. திங்கக்கெழம எனக்கு ஃபிளைட்டு. அதுக்கு மேல என்னால முடியாது” என்றார் பாய்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரம்.

“மெட்ராஸ்ல சைக்கிள் ஓட்டியே ஆஸ்பத்திரிக்குப் பணம் சேக்கறாங்களாம். போன்ல பாத்தேன். நானும் கன்னியாகுமரிலேந்து ஓட்டிட்டு வரேன்” என்றாள் ஆண்டாள்.

“அவங்க சைக்கிளு லட்ச ரூவா. உன்னுது உம்பொண்ணுக்கு ஸ்கூல்ல ஓசில குடுத்தது” என்றாள் அம்புஜவல்லி.

“சைக்கிளா மிதிக்கப் போவுது? நாந்தான மிதிக்கப் போறேன். தெனம் வூட்டுலேந்து இங்க வந்து போவ இருவது கிலோமீட்டரு. இத்தன வருஷத்துல கன்னியாகுமரிக்கு எத்தன தடவ போயிட்டு வந்திருப்பேன்னு நீயே சொல்லு, அண்ணி.”

“நீ மிதிக்கிறதுக்கு எவன் காசு குடுப்பான்?”

அதற்கும் ஆண்டாளிடம் பதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மனக்குறை இருக்கிறவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கு மனுவாகப் பிராது எழுதிக் கட்டுவார்கள். அவரவர் ஊர் கோயிலிலிருந்து எவ்வளவு தூரமோ, அதற்குத் தக்கபடி படிப்பணம் கட்டவேண்டும். தூரத்துக்குக் காசு கொடுப்பது எங்கள் ஜனங்களுக்குப் பழகிய விஷயம். “அதே மாதிரிதான். நான் மிதிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பத்து ரூபா காசு போடுங்கன்னு கடைக்குக் கடை உண்டியல் வைப்போம்” என்றாள்.

பத்து ரூபாய்க் காசு என்று அவள் சொன்னதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தக் காசை வாங்கவே மாட்டார்கள். செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் வாங்க மாட்டார்கள். அதனால் எந்த வீட்டு டப்பாவைத் திறந்தாலும் நாலைந்து காசு தூங்கிக்கொண்டிருக்கும்.

முதலாளி ராஜமாணிக்கத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. “மண்ணும் சூளையும் என்னுது. வேல உங்களுது” என்றார். மூலையில் ஒரு பழைய பூசணிக்காய் அச்சு கிடந்தது. வேன் வரும் என்ற நம்பிக்கையில் மறுபடி புதுச்சேரி பஸ் ஏற ஆரம்பித்திருந்த அம்புஜவல்லி, தெம்பு இருந்த நாட்களில் வந்து உட்கார்ந்து, குழம்பு ஊற்றினாள். ஆண்டாள் ஒரு பத்து ரூபாய்க் காசைப் பூசணியின் தலையில் வைத்து, அந்த அளவுக்கு ஒரு நூல் கூடுதலாக வாய் வெட்டினாள். இருநூற்று நாற்பது பூசணி. எல்லாம் சூளைக்குப் போயின. சூளையைத் திறப்பதற்கு முன்பே ஆண்டாள் சைக்கிளோடு ரயில் ஏறிவிட்டாள். துணைக்குப் புருஷன் கலியமூர்த்தியும் தன் மொபெட்டோடு ஏறினான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். அது ஆண்டாளிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கன்னியாகுமரியில் மிதிக்க ஆரம்பித்தாள். கேரியரில் ஒரு துணி பேனர்: ‘டயாலிசிஸ் வேனுக்காக, கன்னியாகுமரி முதல் விருத்தாசலம் வரை.’ பின்னால் தண்ணீர் கேனும் பம்ப்பும் கட்டிய மொபெட்டில் கலியமூர்த்தி. அன்று மாலை திருநெல்வேலி. மறுநாள் மத்தியானம் கோவில்பட்டி. அங்கேதான் போன் வந்தது.

“எங்கடி இருக்க?”

“கோயில்பட்டி, அண்ணி. உனக்குக் கடலமிட்டாய் வாங்கி வச்சிருக்கேன்.”

“கடலமிட்டாய் கெடக்கட்டும். சூளையத் தெறந்தாச்சு. காச வச்சு அளவெடுத்தியே, மண்ணு சுருங்கும்னு உனக்கு யாரும் சொல்லலியா?”

ஆண்டாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சூளைக்குள் போகிற சாமான் பத்துக்கு ஒரு பங்கு சுருங்கித்தான் வெளியே வரும். செராமிக் பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். போதாததற்கு மேலே பூசிய பூச்சும் உருகி, வாயின் ஓரத்தில் தடித்துவிட்டதாம். ஐந்து ரூபாய்க் காசுகூடச் சிக்கிக்கொண்டது. ஒரு ரூபாய்க் காசு மட்டும்தான் உள்ளே போனது.

“நீயும் பக்கத்துலதான இருந்த? நீ பாக்கக் கூடாதா?”

“நான் குழம்பு ஊத்தறவ. ஓட்ட போடறது உன் வேல. கடக்காரந்தான் பத்து ரூபா காச வாங்க மாட்டேங்கறான்னா, நீ செஞ்ச உண்டியலும் வாங்க மாட்டேங்குதுடி!”

போனுக்குள் கம்பெனியே சிரித்தது. ஆண்டாள் இணைப்பைத் துண்டித்தாள். துண்டித்ததோடு விடாமல் போனையே அணைத்துப் பைக்குள் போட்டாள். திரும்ப ஊற்றி, காயவைத்து, சுட்டு, பூச்சுப் பூசி, மறுபடி சுட்டு எடுக்கப் பத்து நாளாவது ஆகும். பாய் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது.

“சைக்கிளத் தூக்கி பஸ்ஸு மேல போட்டுட்டு ஊருக்குப் போயிடலாமா?” என்றான் கலியமூர்த்தி.

“ஒரு ரூபா காசு போவுதுல்ல? அதுக்காவது மிதிக்கறேன்.”

மிதித்தாள், கண்ணுகளா. தை மாதத்து வாடைக்காற்று வடக்கேயிருந்து நேராக நெஞ்சில் அடித்தது. விருதுநகர் தாண்டியபின் முழங்கால் வீங்கியது. கலியமூர்த்தி நல்லெண்ணெய் தடவிவிட்டான். மேலூரில் பூக்காரம்மா ஒருத்தி பேனரைப் படித்துவிட்டு, சைக்கிள் ஹேண்டிலில் இரண்டு முழம் கனகாம்பரம் சுற்றினாள். விராலிமலையில் டயர் பஞ்சர். ஒட்டிக்கொடுத்தவர் காசு வாங்கவில்லை. “எங்கம்மாவும் இதே சீக்குலதான் போச்சு. நீங்க போங்கக்கா” என்றார். ஆண்டாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். திருச்சியில் கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும்போது காற்று சைக்கிளையே பின்னால் தள்ளியது. வழி நெடுகத் தெரியாத ஜனங்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும், ‘இவங்களுக்கு அந்த உண்டியல் விஷயம் தெரிஞ்சா?’ என்று கூசிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்ணாடம். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் அவளைப் பார்த்ததும் ஹாரன் அடித்தார்கள். டீக்கடை ஒன்றில் மேசைமேல் அவளுடைய பூசணி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் பூச்சு வெயிலில் மின்னியது. ஆண்டாள் இறங்கிப்போய் அதை எடுத்து, காதோரம் வைத்து ஆட்டினாள்.

சத்தமே இல்லை.

“நல்லா ஆட்டிப் பாருங்கக்கா!” என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே பேக்கரியிலும் ஒன்று இருந்தது. அதையும் ஆட்டினாள். ஒரே ஒரு ரூபாய்கூடக் குலுங்கவில்லை.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மெயின் ரோடு வேணாங்க. வேற வழியா வூட்டுக்குப் போயிடலாம்.”

கலியமூர்த்தி அதிகம் பேசுகிறவன் இல்லை. மொபெட்டை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “அக்கா மெயின் ரோட்டுலதான் நிக்கும். இன்னைக்கு நீ அந்த வழியா வரலன்னா, நாளன்னைக்கு அது புதுச்சேரி பஸ்ஸு ஏறாது. ஒனக்கே தெரியும்.”

ஆண்டாள் மெயின் ரோட்டிலேயே மிதித்தாள்.

செராமிக் பேட்டை வாசலில் மேளம் அடித்தது. கம்பெனி ஆட்கள், டயாலிசிஸ் போகிற மற்ற எட்டுப் பேர், வெள்ளை வேனில் சாய்ந்தபடி சிராஜுதீன் பாய். எல்லாருக்கும் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்புஜவல்லி. சுற்றிலும் தார்ப்பாயின் மேல், மற்ற ஊர்க் கடைகளிலிருந்து காலையிலேயே திரும்பி வந்த பூசணிகள். ஆண்டாள் இறங்கினாள். காலை ஊன்ற முடியவில்லை. தடுமாறி, நாத்தனாரின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடு அண்ணி. பெண்ணாடத்துல ரெண்ட ஆட்டிப் பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. சத்தமே வரல.”

“நாலு நாளா நாப்பது தடவ போன் பண்ணேன். எடுத்தியாடி நீ?”

ஆண்டாள் பைக்குள்ளிருந்து அணைந்து கிடந்த போனை எடுத்தாள்.

“ரூபா நோட்டு எப்பிடிடி சத்தம் போடும்?” என்ற அம்புஜவல்லி, மடியில் வைத்திருந்த பூசணியைத் தூக்கி நாற்காலிக் காலடியில் போட்டாள்.

அது நாலாக உடைந்தது. சிதறி விழவும் இடமில்லாமல் ரூபாய் நோட்டுகள் பூசணி வடிவத்திலேயே உருண்டு நின்றன, பிறகு மெதுவாக அவிழ்ந்தன. இருபது, ஐம்பது, நூறு. நாலாகவும் எட்டாகவும் மடித்தவை.

நடந்தது இதுதான். வேறு வழியில்லாமல் அதே பூசணிகளைக் கம்பெனி ஆட்கள் கடைகளில் வைத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் பத்து ரூபாய்க் காசை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. ஒரு ரூபாய்தான் போகும் என்றார் கடைக்காரர். கன்னியாகுமரியிலிருந்து ஒருத்தி மிதித்து வருகிறாள், நாலு பேர் பார்க்கிறார்கள், ஒரு ரூபாயைப் போட யாருக்கு மனசு வரும்? நோட்டை மடித்தார்கள். பத்து ரூபாய் நோட்டு இப்போதெல்லாம் யார் பையில் இருக்கிறது? இருந்ததை மடித்தார்கள். மங்கலம்பேட்டையில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர்கள் மடித்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயிலுக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் மடித்தார்கள். வாய் சின்னதாக இருந்ததால், ஒவ்வொருவரும் நின்று, நிதானமாக மடித்து, நகத்தால் தள்ளிவிட்டுப் போனார்கள்.

“ஒடைங்கடா எல்லாத்தையும்!” என்று ராஜமாணிக்கம் கத்தினார். தன் சூளையில் வெந்த சாமான் உடைவதற்கு ஒரு முதலாளி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மேளச் சத்தத்துக்கு மேலே பூசணிகள் உடைகிற சத்தம். ஆண்டாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். வீங்கிய காலை அம்புஜவல்லி தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பாதிகூட உடைத்திருக்க மாட்டார்கள். சிராஜுதீன் பாய் வந்து சாவியை நீட்டினார். “எண்ணி முடிக்க சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் நிக்க எனக்குப் பொறுமை இல்ல. சிதம்பரத்துக்காரருக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டேன். புடிம்மா.”

“பத்தலன்னா, பாய்?”

“பத்தும். நானே மூணு நோட்டு மடிச்சுப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

பத்தத்தான் செய்தது. வேனுக்குப் போக, டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் ஆறு மாதம் தாங்குகிற அளவுக்கு மிஞ்சியது. அதற்கப்புறத்துக்கு என்ன செய்வது என்று அங்கேயே பேச்சு வந்தது. “இன்னொரு சூளை பூசணி போட்டுடலாம்” என்றார் ராஜமாணிக்கம். “இந்தத் தடவ சுருக்கத்துக்கும் சேத்து, வாய எவ்வளவு பெருசா வெட்டறது?”

“அதே அளவு!” என்று ஆண்டாளும் அம்புஜவல்லியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருபது வருஷத்தில் இரண்டு பேர் வாயும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை வேன் முதல்முறையாக ஒன்பது பேரோடும் புதுச்சேரிக்குப் போனது. சாயங்காலம் பொழுது இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டது. வாசலில் காத்திருந்த ஆண்டாள் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தாள். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு அம்புஜவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். நெய்வேலி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

“அண்ணி, வூடு வந்திருச்சு. எழுந்திரு.”

அம்புஜவல்லி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“அதுக்குள்ளயாடி? டிரைவர இன்னொரு சுத்து ஓட்டச் சொல்லு.”