படத்தில் இன்னும் தாலி ஏறவில்லை

மகளின் திருமண அழைப்பிதழில் பெற்றோர் எனப் பெயர் அச்சிடப்பட்ட இருவருக்கும் விசா மறுக்கப்படலாம். மறுத்தவர்கள் எவருக்கும் முகம் காட்டவேண்டியதில்லை. ஆகவே, 2005ஆம் ஆண்டு ஆவணியில், கௌசலாவுக்கு இலண்டனில் திருமணம் நிகழ்ந்த நாளன்று, உருத்திரபுரத்திலிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து வந்த பரமலிங்கமும் சிவலட்சுமியும் வவுனியாவில் ஹலீமின் இன்ரநெற் கடையில், ஒரு கணினியின் முன் பட்டுடுத்தி அமர்ந்திருந்தனர்.

சிவலட்சுமியின் மடியில் அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசி இருந்தது. தாலி ஏறும் அதே கணத்தில் தன் கையால் மகளுக்கு அதைத் தூவவேண்டும்; அவள் வேண்டியது அவ்வளவே. திரையில் கௌசலா மணவறையில் தலை குனிந்திருந்தாள். பரமலிங்கத்தின் காதில் தொலைபேசி; மறுமுனையில், மணவறை அருகே, அவருடைய தங்கை பத்மாசனி.

திடீரென்று அவர் எழுந்து திரையின்மேல் அறுகரிசியை வீசினார்.

"என்னப்பா செய்யிறியள்? மாப்பிள்ளை இன்னும் தாலியைத் தொடவேயில்லை!"

"கட்டியாச்சு! கெட்டிமேளம் காதுக்குள்ள இடிக்குது. போடும், கெதியாப் போடும்!"

"எந்த ஊர்க் கெட்டிமேளமோ! என்ர பிள்ளையின்ர கழுத்து இஞ்ச வெறுமையாக் கிடக்கு."

விசைப்பலகையில் சிதறிய அரிசியைத் தட்டியவாறு ஹலீம் குறுக்கிட்டார்.

"சண்டை பிடிக்காதேங்கோ. படம் துண்டு துண்டாத்தான் அம்மா வரும். கொஞ்சத்தைச் சேர்த்து வச்சுக்கொண்டுதான் இந்தப் பெட்டி காட்டும். வந்த உடனேயே காட்டினால் நிண்டு நிண்டு இழுக்கும். போனுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, சத்தம் உடனேயே வந்திடும்."

"அப்ப, இப்ப அவள்…"

"கலியாணம் முடிஞ்ச பிள்ளை."

நேரடி ஒளிபரப்பு என்று விளம்பரம் செய்தவர்கள் இதைச் சொல்லவில்லை. சிவலட்சுமி திரையை நெருங்கினாள். நான்கு ஆண்டுகளாகக் கையெட்டாத முகம்.

"பிள்ளை கதைக்கப் போறாளாம்," என்று பரமலிங்கம் தொலைபேசியை நீட்டினார்.

"அம்மா, அறுகரிசி போட்டனீங்களோ?"

குரல் மணமானவளுடையது, முகம் இன்னும் மணமாகாதவளுடையது. அந்த முகம் நிமிர்ந்து, கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல் கமராவின் பக்கம் திரும்பியது. நின்று நின்று இழுக்கும் என்று ஹலீம் சொன்னாரே, இப்பொழுது நின்றுவிடாதா என்று தாய்மனம் ஏங்கியது. படம் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் கைகள் தாலியை எடுத்தன.

"அம்மா? கேக்குதோ?"

"பொறு பிள்ளை," என்றாள் சிவலட்சுமி. "இன்னும் கொஞ்ச நேரம் பொறு."

திரையில் தாலி கட்டி முடியும்வரை, அறுகரிசியை அள்ளி மூடிய கையை அவள் திறக்கவில்லை.