குலையின் உள்ளே

தோட்டத்தில் அவளுக்குப் ‘பூக்காரி’ என்று பெயர். பூ விற்பவள் இல்லை. எண்ணெய்ப்பனைப் பூவுக்கு மகரந்தம் போடுகிறவள். ஆண் பூவை உதிர்த்தெடுத்த தூளைப் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக்கொண்டு, கையில் முள் கிழிக்கக் கிழிக்கப் பெண் பூவின் மேல் பீச்சுவாள். அவள் கை படாவிட்டால் குலை சூம்பிப்போகும் என்று தோட்டமே நம்பியது. அவள் நம்பியதைக் கேட்கவே வேண்டாம், என்னமோ எல்லா மரத்தையும் அவளே பெற்றுப் போட்ட மாதிரிதான் பேசுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் தோட்ட அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நொய்யரிசி அளவில் வண்டுகள்.

“கிழக்கு ஓரத்து மரங்கள்ல இதை விடப்போறோம். அந்தப் பக்கம் நீங்க தூள் போடாதீங்கம்மா. குலை நல்லா வந்துட்டா இனிமே புட்டி வேலை கிடையாது.”

“இதுங்களா? வந்து கிழிச்சுடும்,” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, கை இடுப்பில் கட்டியிருந்த புட்டியைத் தடவிப் பார்த்தது. அவள் வீட்டு அடுப்பும் நாத்தனார் வீட்டு அடுப்பும் அந்தப் புட்டியை நம்பித்தான் எரிந்தன.

“அண்ணி, பேசாம அங்க இருக்கிற பூவுக்கெல்லாம் பையைக் கட்டி விட்டுடுங்க,” என்றாள் நாத்தனார். “வண்டு உள்ள போகாது, காயும் பிடிக்காது. யாருக்குத் தெரியப்போகுது?”

வண்டுகளை விட்ட மறுநாள் உச்சிவெயிலில் பையும் கயிறுமாகப் போய் ஒரு குட்டை மரத்தடியில் குந்தினாள். பெண் பூ அன்றைக்குத்தான் விரிந்திருந்தது. லேசாகச் சோம்பு வாசனை. ஆண் பூவிலும் அதே வாசனைதான் வரும். அதை நம்பி ஏமாந்து, பக்கத்து மரத்து ஆண் பூவிலிருந்து வண்டுகள் வந்து இறங்கின. மேலெல்லாம் மஞ்சள் தூள். தின்ன ஒன்றும் கிடைக்காமல் முள்ளுக்கு நடுவே புகுந்து, அவள் விரலும் புட்டியும் எட்டாத ஆழத்துக்கு ஊர்ந்து போயின. போய்க்கொண்டே இருந்தன.

“அடேங்கப்பா,” என்று முணுமுணுத்தாள். பை மடியிலேயே கிடந்தது.

சில மாதம் கழித்து அந்த மரத்தின் குலையை அறுத்துத் தள்ளினார்கள். விழுந்த கனத்தில் தரை அதிர்ந்தது. அதிகாரி கோடாலியால் இரண்டாகப் பிளக்கச் சொன்னார். வெளியே சிவந்த பழம். அது அவள் குலையிலும் உண்டு. நடுவில்தான் எப்போதும் வெளிறிய சொத்தையாக இருக்கும். குலை என்றால் அப்படித்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இதிலோ தண்டு வரைக்கும் பழம், ஊசி நுழைய இடமில்லை.

நாத்தனார் அவள் காதருகே வந்தாள். “பை கட்டலையா? நம்ம பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி.”

பூக்காரி நடுத்தண்டை ஒட்டியிருந்த பழத்தைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதைப் பாருடி. இந்த ஆழத்துக்கு என் கை ஒருநாளும் வந்ததில்ல.”

பிழைப்பு போனது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், இடுப்பில் கட்டியிருந்த புட்டியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.