பௌர்ணமிக்கு வரும் உறவு

எழிலரசி வீட்டில் சாயங்காலக் காபி நின்று வெகுநாள் ஆகிவிட்டது. கணவன் தசரதன் வேலை பார்த்த மணிலாக்கொட்டை ஆட்டும் எண்ணெய் மில்லை மூடிவிட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை. பழைய சம்பளத்தில் பாதிதான் வந்தது. அன்றிலிருந்து அவள் செலவை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தாள். முதலில் கேபிள் கனெக்‌ஷன் போனது, பிறகு பேப்பர். காலைச் சமையலுக்கு மட்டும்தான் கேஸ், மற்றதெல்லாம் விறகடுப்பில். மார்க்கெட்டுக்குக் கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போவாள். வாடின கத்திரிக்காயும் நசுங்கின தக்காளியும் அப்போதுதான் மலிவாகக் கிடைக்கும்.

இத்தனையும் மகள் சிந்துஜாவின் மூக்குக்கண்ணாடிக்காக. ஆறாவது படிக்கிற பெண்ணுக்குப் போர்டில் எழுதுவது தெரியவில்லை. கண் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாதம் இழுத்துப் பிடித்தால் வாங்கிவிடலாம். ஆனால் மாதம் முடிவதற்குள் பௌர்ணமி வந்துவிடுகிறதே!

பௌர்ணமி வந்தால் தசரதனின் அக்கா தங்கம்மாள் மெட்ராசிலிருந்து கிரிவலத்துக்கு வந்துவிடுவாள், துணைக்கு ஒரு கூட்டத்தோடு. எழிலரசியின் வீடு கிரிவலப் பாதையில் வரும் செங்கம் ரோட்டை ஒட்டின சந்தில் இருந்தது. மத்தியானம் சாப்பாடு, மலை சுற்றி வந்ததும் படுக்க இடம், காலையில் இட்லி. சாமிக்கு என்று வருகிறவர்களுக்கு வாடின கத்திரிக்காயைப் போட முடியுமா? மாதமெல்லாம் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தது ஒரே நாளில் கரைந்து போகும்.

அந்த முறை அவள் துணிந்து சொல்லிவிட்டாள். "இந்த ஒரு வாட்டி மட்டும் வர வேணாம்னு அக்காவுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க. பொண்ணுக்குக் கண்ணாடி வாங்கிடலாம்."

தசரதன் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"சொன்னீங்களா?"

"எடுத்ததுமே அக்கா, 'தம்பி, நீ இருக்கறதாலதான் நான் மலையைச் சுத்த முடியுது'ன்னுச்சு. இந்த வாட்டி மாமாவோட தம்பி குடும்பமும் வருதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாங்கக்கான்னு சொல்லிட்டேன்."

எழிலரசிக்குக் கோபம்கூட வரவில்லை. போன் பேசின செலவு வேறு என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடி வந்தார்கள். வீடு கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் பாய் வாங்கி விரித்தாள். பால் ஜாஸ்தி வாங்கினாள், வடைக்கு ஊறப்போட்டாள், கேஸ் அடுப்பையும் பற்றவைத்தாள். விடியும்போது கால் கடுக்கத் திரும்பி வந்தவர்கள் அப்படியே படுத்துத் தூங்கிப்போனார்கள். தங்கம்மாள் மட்டும் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழிலரசி முதல் ஈடு இட்லியை எடுத்துவிட்டு அடுத்ததற்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு எழிலு. அதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி வையேன், பசிக்குது."

சூடாக எடுத்துக் காரச் சட்னியோடு வைத்தாள். தங்கம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணி, காரமா?"

"அதெல்லாம் இல்லம்மா. அங்க மூணு வேளையும் நான்தான் ஆக்கிப் போடணும். மருமக வேலைக்குப் போறா, நான் சாப்பிட்டேனா, சாப்பிடலையான்னு யாரும் கேக்கறதில்ல. மாசத்துல இந்த ஒரு நாள்தான் ஒருத்தர் தட்டு வெச்சு எனக்குப் போடறாங்க. மலை சுத்தறது அப்புறம்தான், போ." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

எழிலரசியின் வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது. "ஒண்ணும் இல்ல அண்ணி. இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க" என்றாள்.

கூட்டம் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பியது. மறுநாள் எழிலரசி பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தாள். மகளை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டாள்.

"உயரமான பொண்ணும்மா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்" என்ற டீச்சர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, முதல் பெஞ்சுலயே ஓரமா உக்கார வெக்கிறேன். ஆனா கண்ணாடிய சீக்கிரம் வாங்கிடுங்க" என்றார்.

சாயங்காலம் சிந்துஜா வந்ததும், "இப்போ தெரியுதாடி?" என்று கேட்டாள்.

"ஓரத்துல உக்காந்தா போர்டு மேல வெளிச்சம் பளபளன்னு அடிக்குதும்மா. பாதி தெரியுது. மீதிய பக்கத்துல இருக்கறவளப் பாத்து எழுதிக்கிறேன்."

இனி எதை வெட்டுவது என்று எழிலரசி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை.