நாற்பது நிமிட விமானமும் ‘பிற’ என்னும் கட்டமும்

1

இக்கதை ஒரு வினாத்தாளின் ‘பிற’ என்னும் கட்டத்தில் பிறந்தது. ‘பேருந்து இருக்க, நாற்பது நிமிட விமானத்தில் ஏன் ஏறினீர்?’ என்பது வினா. நேரம், கட்டணம், நிலையத்தின் அண்மை, பிற என நான்கே விடைகள். முப்பத்தைந்து ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்தவனிடம் இதை நீட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். கட்டம் இரண்டு அங்குலம். என் சினம் அதனினும் நீளம். மிச்சம் இங்கே.

2

முதல் தொடக்கம்: முகிலைக் கிழித்துக்கொண்டு விமானம்… (அடித்துவிட்டேன். விமானம் இன்னும் கிளம்பவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: வினாத்தாளை நீட்டிய கணக்கெடுப்பாளனின் மனைவி அடுத்த ஊரில் செவிலி. அவன் காலை விமானத்தில் ஏறிக் கேள்வி கேட்பான், மதியம் மருத்துவமனை உணவகத்தில் அவளோடு உண்பான், மாலையில் திரும்புவான். பேருந்தென்றால் ஆறு மணி நேரம். மாதம் ஒருமுறை முகம் பார்த்தால் பெரிது.

பன்னிரண்டு இருக்கை விமானத்தில் ஆளே ஏறாததால், காரணம் அறிய அவனை அனுப்பியிருந்தார்கள். அவனைக் கண்காணிக்க ஒருவர், அந்தக் கண்காணிப்பைச் சரிபார்க்க இருவர் என அடுக்கி, அவனையும் சேர்த்துப் பதினொருவர் ஏறினர். தலைமையகம் மகிழ்ந்தது: ‘பயணிகள் பெருகிவிட்டனர். காரணத்தை இன்று மாலைக்குள் எழுதுக. இல்லையேல் விமானம் நிறுத்தப்படும்.’

3

(உணவகத்தில் நான் இல்லை. கதாசிரியனுக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.)

“இன்னைக்கு எத்தனை பேரு?” என்று கேட்டாள் மனைவி.

“பன்னெண்டு சீட்டும் ஃபுல்லு.”

“அதுல நிஜப் பயணி?”

“ஒரு வாத்தியார். அவரும் பதில் எழுதல. கேள்வியைத் திருத்திட்டு இருந்தாரு.”

“நீங்க என்ன எழுதப்போறீங்க?”

“நாங்களேதான் கூட்டம்னு எழுதினா நாளையிலேர்ந்து பஸ்ஸு. எழுதலன்னா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்க.”

“கண்டுபிடிக்க ஒரு ஆளை அனுப்புவாங்க இல்ல? அவருக்கும் ஒரு சீட்டு. சாப்பிடுங்க, ஆறுது.”

4

மாலை விமானத்தில் அவன் என்னருகே குனிந்தான்.

“ஐயா, ஏதாவது ஒரு கட்டத்துல டிக் போடுங்க. நிஜப் பயணி நீங்க ஒருத்தர்தான். உங்க பதில்தான் நூறு சதவீதம்.”

என் காரணத்தை மறைத்துப் பயனில்லை. இவ்வினாத்தாளின் பிரதியொன்றில் கடைக்காரர் எனக்கு வேர்க்கடலை மடித்துத் தந்தார். எட்டுப் பிழைகள். அமைத்தவரை விமானத்திலேயே பிடித்துக் கண்டிக்கவே காலையில் ஏறினேன். திருத்தி முடியாமையால் மாலையிலும் ஏறினேன். ஆக, நிஜப் பயணி ஒருவர்கூட… இதை எழுதினால் விமானம் நின்றுவிடும்.

தவறான விடைக்கு நான் அரை மதிப்பெண்ணும் தந்ததில்லை. அந்தச் செவிலியோ நாளை மதியமும் இரண்டு தட்டுகள் வாங்குவாள்.

சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. வாசகரே, கட்டம் காலியாகவே இருக்கிறது. இதோ என் சிவப்புப் பேனா. விடை எதுவாயினும் திருத்தமாக எழுதுக.